யோருபாப் படைப்புக் கதைகளைப் படநூலாக்குவது: கேள்வி பதில்

யோருபா மக்கள் தென்மேற்கு நைஜீரியாவிலும் பெனின், டோகோ நாடுகளின் சில பகுதிகளிலும் வாழ்கிறார்கள். அவர்களுடைய படைப்புக் கதைகளைச் சிறுவர் படநூலாக்க விரும்பும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: ஒவ்வொரு நூலும் கதையை ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

பரவலாக வழங்கும் கதை இது. ஆதியில் மேலே வானமும் கீழே நீரும் மட்டுமே இருந்தன. முழுமுதற் கடவுளான ஒலோடுமாரேயின் இசைவோடு, ஒபாதாலா என்ற தெய்வம் நத்தை ஓட்டில் மண்ணை நிரப்பிக்கொண்டு, ஐந்து விரல் கோழியுடன் சங்கிலி வழியே இறங்குகிறார். நீரின்மேல் கொட்டிய மண்ணைக் கோழி கிளறிப் பரப்ப, நிலம் உண்டாகிறது. அந்த இடமே இலே-இஃபே நகரம்; சுருக்கமாக இஃபே. இஃபேயில் வலுவாக நிற்கும் இன்னொரு வடிவத்தில், ஒபாதாலா வழியில் பனங்கள் குடித்து உறங்கிவிட, ஒடுடுவா என்ற மற்றொரு தெய்வம் அப்பொருள்களை எடுத்துச் சென்று நிலத்தைப் படைக்கிறார். இஃபேயின் அரசரான ஓனி தம் மரபை ஒடுடுவாவிடமிருந்து தொடங்குவதால், இந்த வடிவத்தில் அரசுரிமையும் அடங்கியிருக்கிறது. இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒன்றைச் செய்யாதீர்கள். ஒன்றை முழுமையாகச் சொல்லி, மற்றொன்றும் உண்டு என்பதைப் பின்னுரையில் குறிப்பிடுங்கள்.

கேள்வி: குழந்தைகள் நூலில் கள் வேண்டுமா? அதை நீக்கிவிடலாமே?

நீக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஒபாதாலா களிமண்ணால் மனிதர்களை வனைந்துகொண்டிருந்தபோது கள் குடித்ததால், சில உருவங்கள் கூன் முதுகோடும் நிறமற்ற தோலோடும் அமைந்தன என்றும், மயக்கம் தெளிந்ததும் அவர் வருந்தி, இனிக் கள்ளைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டு, அவர்களைத் தம் சொந்தப் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டார் என்றும் கதை செல்கிறது. அவருடைய அடியார்கள் இன்றும் பனங்கள்ளை விலக்குகிறார்கள். அத்தகைய உடலமைப்பு உள்ளவர்கள் அவருக்கு உரியவர்களாகக் கருதப்படுகிறார்கள். கள்ளை எடுத்துவிட்டால் அந்த உறுதிமொழியும் அந்த உறவும் காரணமின்றி நிற்கும். கவனம் வேண்டியது வேறிடத்தில்: ஊன்றுகோலோடு வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தை, 'அப்படியானால் நான் தவறாகப் பிறந்தவனா?' என்று கேட்கும்படி அந்தப் பக்கத்தை எழுதிவிடக் கூடாது. ஆகவே குடித்ததற்கு ஒரு பக்கம் போதும். அவர்களை ஏற்றுக்கொண்டதற்கு எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் கொடுங்கள். நூலின் மற்ற பக்கங்களிலும் அவர்கள் சந்தையில் விற்பவர்களாக, முரசு கொட்டுபவர்களாக இயல்பாக இடம்பெறட்டும்.

கேள்வி: நான் ஓவியர். எந்தக் காட்சி மாதிரிகளைப் பார்க்க வேண்டும்?

முதலில் இஃபேயின் சிற்பங்களைப் பாருங்கள். 1938இல் அங்கே வீடு கட்ட அடித்தளம் தோண்டியபோது வார்ப்பு உலோகத் தலைகள் பல வெளிப்பட்டன. சிலவற்றின் முகம் முழுவதும் மெல்லிய செங்குத்துக் கோடுகள் ஓடுகின்றன; சில வழவழப்பானவை. அவற்றின் அமைதியான முகபாவம் உங்கள் தெய்வங்களுக்குப் பொருந்தும். ஒபாதாலாவுக்கு வெள்ளாடை கட்டாயம். ஒட்டகச்சிவிங்கி நிற்கும் புல்வெளி வேண்டாம். இஃபே மழைக்காட்டுப் பகுதியைச் சேர்ந்தது, அங்குள்ளது எண்ணெய்ப்பனை. சில வடிவங்களில் நிலம் இறுகிவிட்டதா என்று பார்க்கப் பச்சோந்தி அனுப்பப்படுகிறது. இரண்டும் மூன்றுமாகப் பிரிந்த விரல்களால் பற்றி, முன்னும் பின்னும் ஆடியபடி ஓரடி வைக்கும் அதன் நடையை உற்றுக் கவனித்து வரைந்தால், புதுநிலத்தின் நெகிழ்வு சொல்லாமலே புலப்படும்.

கேள்வி: ஆமையைக் கதைசொல்லியாக வைத்து வேடிக்கையாகச் சொல்லலாமா?

கூடாது. ஆமை வரும் மாலைநேரக் கதைகளை யோருபாவில் 'ஆலோ' என்பார்கள்; கதை சொல்பவர் குரல் கொடுக்க, குழந்தைகள் எதிர்க்குரல் கொடுப்பார்கள். படைப்புக் கதைகளோ 'இத்தான்', அதாவது நடந்ததாகப் போற்றப்படும் வரலாறு. இவற்றைத் தாங்கும் சமயம் இன்றும் உயிரோடு இருக்கிறது. குறி பார்க்கப் பயன்படும், 256 பகுதிகள் கொண்ட இஃபா என்ற வாய்மொழித் தொகுப்பை அதன் குருமார் இன்றும் மனனம் செய்து ஓதுகிறார்கள். அந்தக் குறி பார்க்கும் மரபை யுனெஸ்கோ 2005இல் மானுடத்தின் அரும்பெரும் மரபாக அறிவித்தது. பிரேசிலிலும் கியூபாவிலும் ஒபாதாலாவை வழிபடுவோர் உண்டு. எனவே 'முற்காலத்தில் மக்கள் இப்படி நம்பினார்கள்' என்று தொடங்காதீர்கள்.

கேள்வி: யோருபா அல்லாதவர் இதை எழுதலாமா?

எழுதலாம். ஆனால் அந்த மரபை அறிந்த யோருபா வாசகர் ஒருவரிடம், படங்கள் முடிவாவதற்கு முன்பே, கோட்டோவிய நிலையில் காட்டுங்கள். அவருக்குரிய ஊதியத்தைத் தந்து, அவர் இசைந்தால் பெயரையும் நூலில் அச்சிடுங்கள்.