ஏடிஆர், ஏர்பஸ், பலாலி: சிமுலேட்டர் கேள்வி பதில்

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கிற சிமுலேட்டரில் புது விமானம் வாங்கிப் போட்டவர்கள் போன கிழமை கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கொக்குவில் தம்பி: அண்ணா, சின்ன விமானமான செஸ்னா 172 வடிவாக ஓட்டுவேன். இரண்டு புரொப்பெல்லர் உள்ள பயணிகள் விமானமான ஏடிஆர் 72 வாங்கி மூன்று நாள், இன்னும் எஞ்சினே ஸ்டார்ட் பண்ணி முடியவில்லை.

பதில்: ஸ்டார்ட் பண்ணுவதைக் கடைசிக்கு வை தம்பி. இரண்டு எஞ்சினும் ஓடிக்கொண்டிருக்க, ஓடுபாதையில் நிற்கிற மாதிரி எடுத்து, ஃபிளாப்பை (இறக்கையின் பின் விளிம்பில் கீழே இறங்குகிற பகுதி) 15இல் வைத்து, கையாலேயே ஏறி ஒரு வட்டம் அடித்து இறங்கு. பத்துத் தடவையாவது செய். எந்த வேகத்துக்கு மூக்கு எங்கே நிற்கிறது என்று கைக்குப் பிடிபட்ட பிறகு சுவிட்சுகளுக்குப் போகலாம். அப்போது ஒன்றை நினைவில் வை, ஏடிஆரில் ஏபியு கிடையாது. ஜெட் விமானங்களின் வாலில் இருக்கிற அந்தச் சின்ன எஞ்சினின் வேலையை இங்கே வலது எஞ்சின் செய்யும், புரொப்பெல்லரை பிரேக் போட்டுப் பிடித்துக்கொண்டு எஞ்சினை மட்டும் ஓட விடுவார்கள். இதுதான் ஹோட்டல் மோட். புரொப்பெல்லர் சுற்றவில்லையே, பழுதாக்கும் என்று நீ நிறுத்தியிருப்பாய் என்றுதான் நினைக்கிறேன்.

சாவகச்சேரி தங்கச்சி: ஓட்டோபைலட் போட்டுத்தான் ஏறினேன், நடுவில் வேகம் விழுந்து, இறக்கை தூக்கும் பலத்தை இழந்து ஸ்டால் ஆகிவிட்டது. விமானத்தைத் திரும்ப இன்ஸ்டோல் பண்ணவா?

பதில்: வேண்டாம், விமானத்தில் பிழை இல்லை. ஏடிஆரில் எஞ்சின் பவரைத் தானே கூட்டிக் குறைக்கிற ஓட்டோத்ரொட்டில் இல்லை. நீங்கள் ஏறும் வீதத்தைப் பிடிக்கிற விஎஸ் மோடில் நிமிடத்துக்கு இத்தனை அடி ஏறு என்று சொல்லிவிட்டீர்கள், அது சொன்ன சொல் தவறாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டே போயிருக்கும், உயரம் கூடக்கூட எஞ்சின் பலம் குறைய வேகம் கரைந்திருக்கும். ஏறும்போது வேகத்தைப் பிடிக்கிற ஐஏஎஸ் மோட் போட்டு 170 நொட் (மணிக்கு 170 கடல் மைல்) வையுங்கள், வேகத்தைக் காப்பாற்ற மூக்கை அதுவே பதிக்கும். இறங்கி வந்து சமமாகிற இடத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. அங்கே பவரை நீங்கள்தான் கூட்ட வேண்டும், கையை லீவரில் இருந்து எடுக்கவே வேண்டாம்.

பருத்தித்துறையில் இருந்து ஓர் ஆசிரியர்: ஏர்பஸ் ஏ320இல் வேகம் மாறுகிறது, த்ரொட்டில் லீவர் அசையவில்லை. ஏன்?

பதில்: சேர், ஏர்பஸ்ஸில் அது அசையாது. போயிங் 737இல் ஓட்டோத்ரொட்டில் லீவரையே தள்ளும், இழுக்கும். ஏர்பஸ்ஸில் லீவரை அது உட்காருகிற ‘கிளைம்ப்’ என்ற பள்ளத்தில் வைத்துவிட்டால் இறங்கும்வரை அங்கேதான் இருக்கும். தரைக்குக் கிட்ட ‘ரிட்டார்ட்’ என்று குரல் கேட்டதும் ஐடிலுக்கு (ஆகக் குறைந்த பவருக்கு) இழுங்கள். முதலில் உங்கள் ஜோய்ஸ்டிக்கில் அந்தப் பள்ளங்களைச் சரியாகக் கலிபரேட் பண்ணுங்கள், பாதிக் குழப்பம் அதில்தான்.

மானிப்பாய் தம்பி: மூக்கை இடம் வலம் திருப்புகிற ரடர் பெடல் கட்டாயமா?

பதில்: இல்லை. முறுக்குகிற ஜோய்ஸ்டிக் போதும்.

வட்டுக்கோட்டை அண்ணா: சென்னையில் இருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு ஓட்டப் போகிறேன், எந்தப் பக்கம் இறங்குவது?

பதில்: காற்றைப் பாருங்கள் அண்ணா. பலாலி ஓடுபாதை 05/23, அதாவது ஒரு பக்கம் ஏறக்குறைய 50 பாகைத் திசையையும் மற்றப் பக்கம் 230 பாகைத் திசையையும் நோக்கும். சோளகம் வீசுகிற மாதங்களில் காற்று தென்மேற்கில் இருந்து வரும், 23இல் இறங்குங்கள், கடல் மேலால் வருவீர்கள். வாடைக் காலத்தில் காற்று வடகிழக்கில் இருந்து வரும், 05இல் இறங்குங்கள், அப்போது குடாநாட்டைச் சுற்றி வர வேண்டும், அந்தத் தூரத்தையும் கணக்கில் சேருங்கள். இன்னும் எத்தனை ஆயிரம் அடி இறங்க வேண்டுமோ அதை மூன்றால் பெருக்கினால் அத்தனை கடல் மைலுக்கு முன்னமே இறக்கத்தைத் தொடங்க வேண்டும். கடைசி நேர் பாதையில் தரை வேகத்தை ஐந்தால் பெருக்குங்கள், 110 நொட் என்றால் நிமிடத்துக்கு 550 அடி.