ஹோமரின் வாரிசு ஹாங்க் அல்ல

அன்புள்ள சார்,

‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரைக் கல்லூரிக் காலத்திலிருந்து பார்த்துவருகிறேன். அதே வகைத் தொடரான ‘கிங் ஆஃப் தி ஹில்’ 2025இல் மறுபடி வந்ததும் அதையும் பார்த்தேன். ஏமாற்றம்தான். இரண்டும் ஒரே அச்சில் வார்த்த குடும்பம். பியர் குடிக்கும் அப்பா, பொறுத்துப்போகும் அம்மா, உருப்படாத பையன், கிறுக்குப் பிடித்த பக்கத்து வீட்டுக்காரர். இந்தத் தொடரின் அப்பா ஹாங்க் ஹில், சத்தம் குறைத்த ஹோமர் சிம்ப்சன் என்றே தோன்றுகிறது. இந்த வார்ப்புகளைத் தாண்டி அங்கே பாத்திரம் என்று ஏதாவது உண்டா? பழைய பருவங்களை விட்டுவிட்டுப் புதியதிலிருந்து தொடங்கியதுதான் பிரச்சினையா?

கே.

அன்புள்ள கே.,

அப்பாவுக்கு அப்பா, பையனுக்குப் பையன் என்று ஜோடி சேர்த்துப் பார்த்திருக்கிறீர்கள். நகைச்சுவைப் பாத்திரங்களை வீட்டில் அவர்கள் வகிக்கும் உறவை வைத்துச் சேர்த்தால் கணக்கு தப்பும். இந்த ஆளைப் பார்த்து நான் எதற்காகச் சிரிக்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். ஜோடிகள் உடனே கலைந்துவிடும். ஹோமரின் வாரிசு ஹாங்கின் மகன் பாபி. மீதி ஹோமர் ஹாங்கின் மனைவி பெகியிடம் இருக்கிறார். ஹாங்கிடம் ஹோமர் துளிகூடக் கிடையாது.

ஒற்றுமை இருப்பது உண்மைதான், அதற்குக் காரணமும் உண்டு. ‘சிம்ப்சன்ஸ்’ 1989 டிசம்பரிலும் ‘கிங் ஆஃப் தி ஹில்’ 1997 ஜனவரியிலும் ஒரே ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியவை. மைக் ஜட்ஜுடன் சேர்ந்து இரண்டாவதை உருவாக்கிய கிரெக் டேனியல்ஸ் அதற்கு முன் ‘சிம்ப்சன்ஸ்’ எழுத்தாளர் குழுவில் இருந்தவர். அந்த வீட்டின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவர். தெரிந்தே வேறு வீடு கட்டினார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். கடைசி இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். பேதைமை அறிவின்மை. மடனுக்கு உரைகாரர்கள் தரும் விளக்கம் வேறு: கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை. பிறர் கற்பித்ததை ஏற்றுக்கொண்டு, ஏற்றதைக் கடைசிவரை கைவிடாதிருப்பது. ஹாங்க் ஹில்லுக்கு இதைவிடச் சரியான வரையறையை நான் எங்கும் படித்ததில்லை. டெக்சஸில் ஆர்லன் என்ற கற்பனை ஊரில் புரொப்பேன் வாயு விற்கும் மனிதர். தேவாலயம், அமெரிக்கக் கால்பந்து, புல்வெளி, முதலாளி விசுவாசம் என்று அவருக்குச் சின்ன வயதில் எதெல்லாம் சரி என்று சொல்லித்தரப்பட்டதோ அதையெல்லாம் இறுகப் பற்றியிருக்கிறார். உலகம் நகர்ந்துகொண்டே இருக்கிறது, அவர் பிடி தளர்வதில்லை. சிரிப்பு அங்கே பிறக்கிறது. ஹோமரிடம் பற்றிக்கொள்ள எதுவுமே இல்லை. பசித்தால் தின்பார், தூக்கம் வந்தால் அணு உலையின் கட்டுப்பாட்டுப் பலகை முன்னாலேயே தூங்குவார். அவர் பேதைமையின் ஆள்.

ஹாங்கைப் போன்ற ஒருவரை ‘சிம்ப்சன்ஸ்’ உலகத்துக்குள் விட்டால் என்ன ஆகும்? அதையும் அவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள், அதே 1997ஆம் ஆண்டு மே மாதத்தில். ‘ஹோமர்ஸ் எனிமி’ என்ற பகுதியில் ஃபிராங்க் கிரைம்ஸ் என்றொருவர் அணுமின் நிலையத்தில் வேலைக்குச் சேர்கிறார். வாழ்நாள் முழுக்க உழைத்தவர், ஒழுங்கானவர். குடியிருப்பதோ இரண்டு பந்துருட்டும் அரங்குகளுக்கு நடுவே. அமிலத்தைக் குடிக்கப்போன ஹோமரைக் காப்பாற்றி, அதற்காக முதலாளியிடம் திட்டும் வாங்குகிறார். ஹோமரின் பெரிய வீட்டைப் பார்க்கிறார், அவர் விண்வெளிக்குப் போய்வந்த கதையைக் கேட்கிறார். இந்த மனிதனின் தகுதியின்மை ஏன் யார் கண்ணுக்கும் படவில்லை என்று கதறுகிறார். கடைசியில் புத்தி பேதலித்து, ஹோமரைப் போல நடித்துக் காட்டி, உயர் மின்னழுத்தக் கம்பியைப் பிடித்துச் சாகிறார். இறுதிச் சடங்கில் தூங்கிவிட்ட ஹோமர் சேனலை மாற்றச் சொல்லி உளற, கூடியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். அத்தனை பருவங்களிலும் இதைப் போல என்னை உலுக்கிய பகுதி வேறில்லை. விதிகளை நம்புகிறவன் ஹோமரின் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் உயிர்வாழ முடியாது. ஆர்லனில் அவன்தான் கதாநாயகன்.

பெகியை எப்படி ‘பொறுத்துப்போகும் அம்மா’ என்று சொன்னீர்கள் என்று வியப்பாக இருக்கிறது. அந்தச் சொல் ஹோமரின் மனைவி மார்ஜுக்குப் பொருந்தும். மார்ஜ் தன் ஆசைகளை விழுங்கி, தொண்டைக்குள் உறுமிக்கொண்டு வீட்டைத் தாங்குகிறவள். பெகி எதையும் விழுங்குவதில்லை. தான் ஒரு மேதை என்பதில் அவளுக்கு அணுவளவும் ஐயமில்லை. ஸ்பானிஷ் மொழிக்கு மாற்று ஆசிரியை, ஆனால் அவள் பேசும் ஸ்பானிஷ் யாருக்கும் புரியாது. ஒருமுறை மாணவர்களை மெக்சிகோவுக்குச் சுற்றுலா கூட்டிப்போய், தன் மாணவி என்று நினைத்து அந்த ஊர்ச் சிறுமி ஒருத்தியை டெக்சஸுக்குக் கொண்டுவந்துவிடுகிறாள். சிறுமி சொல்வதொன்றும் இவளுக்கு விளங்கவில்லை. சிறுமியைக் கடத்தியதாக வரும் வழக்கில் பெகியைக் காப்பாற்றுவதும் அந்த ஸ்பானிஷின் லட்சணம்தான். ஆதாரமே இல்லாத இந்தத் தன்னம்பிக்கை ஹோமருடையது. ஆனால் ஹோமர் அதை எதற்கும் முதலீடு செய்வதில்லை. பெகி தன் மொத்த மானத்தையும் அதில் வைத்திருக்கிறாள், அதனால் அவள் விழும்போது நமக்கு வலிக்கிறது.

பாபியும் ஹோமரின் மகன் பார்ட்டும் வேறு வேறு இனம். பார்ட் அதிகாரத்தை எதிர்க்கிறவன், பாபிக்கு எதிர்க்கத் தோன்றவே தோன்றாது. சாப்பாடு, சிரிக்கவைப்பது, தன் உடம்பைப் பற்றி எந்த வெட்கமும் இல்லாமை. இந்த மூன்றும் ஹோமர். அந்தக் குணங்களோடு ஒரு பிள்ளை ஹாங்கிடம் வளர்ந்தால் என்ன நடக்கும் என்பதுதான் தொடரின் உயிர்நாடி. ‘ஹஸ்கி பாபி’ (1998) பகுதியில் பருமனான சிறுவர்களுக்கான உடைக்கு பாபி விளம்பர மாடலாகிறான், மகிழ்ச்சியாகவும் இருக்கிறான். ஹாங்குக்கு அவமானம் தாங்கவில்லை, ஆடை அணிவகுப்பு நேரத்தில் அவனை இழுத்துக்கொண்டு போகிறார். மேடையில் மிச்சமிருந்த பிள்ளைகள் மேல் ஊர்ப் பையன்கள் டோனட்டுகளை எறிகிறார்கள். அப்பாவின் பயம் பொய்யில்லை. பிள்ளையின் சந்தோஷமும் பொய்யில்லை. இரண்டில் எதையும் தொடர் கேலி செய்யவில்லை. ஹாங்கின் இறுக்கத்துக்குப் பின்னால் அவர் அப்பா காட்டன் இருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் முழங்காலுக்குக் கீழே எலும்பை இழந்து, மகனை வாழ்நாளெல்லாம் இகழ்ந்தவர். மகனிடம் அன்பைச் சொல்ல ஹாங்குக்கு ஏன் நாக்கு எழவில்லை என்று இப்போது புரியும்.

பக்கத்து வீட்டுக்காரர் பற்றிச் சுருக்கமாக. ஹோமரின் பக்கத்து வீட்டு நெட் ஃபிளாண்டர்ஸ் நல்லவராக இருப்பதே ஹோமருக்கு எரிச்சல், அதோடு அந்த உறவு முடிந்தது. ஹாங்கின் பக்கத்து வீட்டு டேல் கிரிபிள் அரசாங்கத்தின் ஒவ்வொரு அசைவிலும் சதியைக் காண்பவர், தன் மனைவி நான்சிக்கும் ஜான் ரெட்கார்னுக்கும் பல ஆண்டுகளாக இருக்கும் உறவை மட்டும் காணாதவர். அவர் மகனாக வளரும் ஜோசப் யார் ஜாடை என்பது பார்க்கிற எவருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பையனை டேல் நேசிப்பதுபோல அந்தத் தெருவில் எந்த அப்பாவும் நேசிப்பதில்லை. ‘சதிக் கிறுக்கன்’ என்ற வார்ப்புக்குள் இவ்வளவு இடம் இருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

இதையெல்லாம் ‘சிம்ப்சன்ஸ்’ மட்டம் என்று சொல்வதற்காக எழுதவில்லை. அங்கே காலம் ஓடாது என்பது விதி. பார்ட்டுக்கு எப்போதும் பத்து வயது. ‘பார்ட் கெட்ஸ் ஆன் எஃப்’ (1990) பகுதியில் உண்மையாகவே படித்தும் தோற்று வகுப்பறையில் அழுகிறானே, அடுத்த வாரம் அதன் சுவடே இருக்காது. வார்ப்பு அழியாமல் நிற்க அந்த உறைந்த காலம் வேண்டும். எல்லாவற்றையும் பகடி செய்யும் சுதந்திரமும் அதனால்தான் வருகிறது. ஆர்லனில் காலம் மெதுவாக நகர்கிறது. காட்டன் செத்துப்போகிறார், நான்சி திருந்துகிறாள், பாபி வளர்கிறான்.

ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கு, ஆம், புதியதிலிருந்து தொடங்கியதுதான் பிரச்சினை. இருபத்தோரு வயது பாபி டாலஸில் உணவகம் நடத்தும் சமையல்காரனாக அறிமுகமாகும்போது, அது உங்களுக்கு ஒரு தகவலாக மட்டுமே வந்து சேர்ந்திருக்கும். முதலில் ‘ஹஸ்கி பாபி’ பாருங்கள். பிறகு நான்சி–டேல் கதை திரும்பும் ‘நான்சி பாய்ஸ்’ (2000). அதன் பிறகு 2009 செப்டம்பரில் பழைய தொடரை முடித்துவைத்த ‘டு சர்லாயின் வித் லவ்’. மாட்டிறைச்சியின் தரத்தைப் பார்த்தவுடன் சொல்லும் திறமை மகனுக்கு இருப்பதை ஹாங்க் கண்டுபிடிக்கிற பகுதி அது. மூன்றும் பார்த்துவிட்டுப் புதிய பருவத்தை மறுபடி தொடங்குங்கள். அப்போதும் ஹாங்க் உங்களுக்கு ஹோமராகவே தெரிந்தால் எழுதுங்கள், விவாதிப்போம்.

அன்புடன்