நான்கு இருக்கை விமானத்துக்கு ஏன் இத்தனை கோடி?

நான்கு இருக்கையும் நான்கு சிலிண்டர் இன்ஜினும் காரிலும் உண்டு. அப்படியிருக்க, செஸ்னா நிறுவனத்தின் சிறு விமானமான 172, புதிதாக வாங்கினால் நான்கு லட்சம் டாலரைத் தாண்டுவது ஏன் என்று பாளையங்கோட்டை நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதற்காரணம் எண்ணிக்கை. 1956 முதல் விற்பனையில் உள்ள இவ்விமானம் இதுவரை சுமார் 44,000 மட்டுமே தயாராகியிருக்கிறது; பெரிய கார் ஆலைக்கு இது சில மாத வேலை. அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து இணைப்பதும் பெரும்பாலும் கைவேலையே. பத்தமடையில் நுண்கோரைப் பாய் நெய்பவரிடம் பிளாஸ்டிக் பாயின் விலையை யாரும் கேட்பதில்லை.

அடுத்தது சான்றிதழ். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள், அவற்றுக்குத் தனித்தனியாக இரண்டு மேக்னெட்டோக்கள் (இன்ஜின் சுழற்சியிலிருந்தே பிளக்குக்கு மின்சாரம் தரும் கருவிகள்); பேட்டரி செயலிழந்தாலும் இன்ஜின் நிற்காது. புறப்படுமுன் விமானி சாவியைத் திருப்பி, ஒன்றை நிறுத்தி மற்றொன்றைச் சோதிப்பார். இத்தகைய பாகங்களுக்கெல்லாம் அங்கீகாரமும் ஆவணமும் வேண்டும் என்பதாலும், சிறு மாற்றத்துக்கும் மறுபடி ஒப்புதல் பெற வேண்டும் என்பதாலும், பழைய வடிவமைப்பே விலை குறையாமல் நீடிக்கிறது.

மூன்றாவது, என் கணிப்பில் பலரும் கவனிக்காதது, வழக்குச் செலவு. பல ஆண்டுகளுக்கு முன் விற்ற விமானம் விழுந்தாலும் தயாரிப்பாளர்மீது இழப்பீட்டு வழக்கு வந்ததால், அமெரிக்காவில் காப்பீட்டுச் செலவு எகிறியது. 1978-இல் 17,000-ஐத் தாண்டிய சிறு விமான உற்பத்தி 1994-இல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. செஸ்னாவே 1986-இல் 172-ஐ நிறுத்திவிட்டு, தயாரிப்பாளரின் இழப்பீட்டுப் பொறுப்பை 18 ஆண்டுகளுக்கு வரையறுத்த 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே மீண்டும் தொடங்கியது. உற்பத்தி திரும்பியது, பழைய விலை திரும்பவில்லை.