மருந்தடிக்கும் ட்ரோன்: ஒரு மோட்டார் மட்டும் ஏன் கொதிக்கிறது?

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் மகளிர் குழுவில் ஆறு கை வைத்த, 10 லிட்டர் தொட்டி உள்ள ட்ரோன் ஓட்டுகிறோம். நெல்லுக்கும், நெல் அறுத்த வயலில் போடும் உளுந்துக்கும் மருந்தடிக்கிறோம். கொஞ்ச நாளாக மூன்றாம் நம்பர் மோட்டார் மட்டும் இறங்கியதும் கை வைக்க முடியாதபடி சுடுகிறது. கையால் சுற்றினால் கறகறவென்கிறது. றெக்கையோடு சேர்ந்து அதன் வெளிக்கூடே சுற்றுகிறது. கிணற்று மோட்டாரில் அப்படி இல்லையே, கூடு கழன்றுவிட்டதா? காயில் கட்டும் கடையில் கொடுத்து ரீவைண்டிங் செய்யலாமா?

பதில்: கூடு கழலவில்லை. அது சுற்றத்தான் வேண்டும். ரீவைண்டிங்குக்குக் கொடுக்காதீர்கள், காரணம் கீழே இருக்கிறது. கோளாறு தெரியும்வரை அந்த மோட்டாரோடு தொட்டியை நிரப்பிப் பறக்கவும் வேண்டாம். முழுச் சுமையில் ஒரு மோட்டார் நின்றால் மற்ற ஐந்தும் தாங்கும் என்று நம்ப முடியாது.

கிணற்று மோட்டாரில் காயில் வெளியே உடம்போடு நிற்கும், ரோட்டார் உள்ளே சுற்றும். இதில் அப்படியே தலைகீழ். வீட்டு சீலிங் ஃபேனை அண்ணாந்து பாருங்கள். தொங்கும் ராடும் அதோடு சேர்ந்த காயிலும் அசையாது. றெக்கை பூட்டிய கூடுதான் சுற்றுகிறது. அதே ஏற்பாடுதான் ட்ரோனிலும். பழைய ஃபேனில் காந்தம் கிடையாது. இதிலோ கூட்டின் உட்சுவர் முழுக்க நியோடிமியம் காந்தத் துண்டுகளை வடமுனை, தென்முனை என்று மாற்றி மாற்றிப் பசையால் ஒட்டியிருப்பார்கள். நடுவில் இரும்புத் தகடுகளை அடுக்கிய பற்களில் தாமிரக் கம்பி சுற்றியிருக்கும். 36 பல், 42 காந்தம் என்பது இந்த வகையில் பரவலான அமைப்பு.

பேட்டரியின் நேர்மின்சாரத்தை வேகக் கட்டுப்பாட்டுப் பலகை மூன்று பேஸாக மாற்றி, காயில்களுக்கு முறை வைத்து அனுப்புகிறது. காயிலில் எழும் காந்தப்புலம் ஓடிக்கொண்டே இருக்க, கூட்டின் காந்தங்கள் அதை விரட்டிக்கொண்டு சுற்றுகின்றன. பிரஷ் இல்லை, கார்பன் இல்லை. மூன்று வயரில் எந்த இரண்டை மாற்றினாலும் திசை திரும்பிவிடும். கிணற்று மோட்டாரில் பேஸ் மாற்றுவதுபோலத்தான்.

வெளியே ஏன் சுற்ற வைக்கிறார்கள்? ரெஞ்ச் பிடியில் ஒரு பைப்பைச் செருகி நீளமாக்கித் திருகினால் இறுகிய நட்டும் நகர்கிறது அல்லவா? காந்தம் மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் அதே தள்ளுவிசைக்குத் திருகுவிசை கூடுகிறது. விட்டம் பெரிது என்பதால் காந்தமும் நிறைய வைக்கலாம். பெரிய றெக்கையைக் கியர் இல்லாமல் நேரடியாக, நிதானமான வேகத்தில் சுற்ற முடிகிறது. மோட்டாரில் 100 கேவி என்று எழுதியிருந்தால் அது கிலோவோல்ட் அல்ல, ஒரு வோல்ட்டுக்குச் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 100 சுற்று என்று பொருள். 12 செல் பேட்டரியின் 44.4 வோல்ட்டில் அது நிமிடத்துக்கு 4,440 சுற்று.

இந்த அமைப்பில் ஒரு சிக்கலும் இருக்கிறது. சூடாகும் காயில் உள்ளே மாட்டிக்கொள்வதால் காற்றுக்காகக் கூட்டில் ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அதே ஓட்டை வழியாக மருந்துச் சாரலும் மண்ணும் போகும். களத்தில், வரப்பில், வெறும் செம்மண்ணில் இறக்கி ஏற்றும்போது கிளம்பும் புழுதியில் கருமணல் கலந்திருக்கும். காந்தம் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காந்தத்துக்கும் பல்லுக்கும் இடையே அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. உளுந்துக்கு அடிக்கும் 2 சத டி.ஏ.பி. உரக் கரைசல் இன்னும் மோசம். காய்ந்தபின் உப்பு நிற்கும். ஈரக்காற்றில் அது கசிந்து பேரிங்கையும், பூச்சு உரிந்த காந்தத்தையும் அரிக்கும்.

இனி சோதனை. பேட்டரியைக் கழற்றுங்கள், றெக்கையைக் கழற்றுங்கள். இரண்டையும் செய்யாமல் மோட்டாரில் கை வைக்கக் கூடாது.

முதலில் ஆறையும் ஒவ்வொன்றாகக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல மோட்டாரில் சின்னச் சின்னத் தடை ஒரே சீராக விரலில் தெரியும், சத்தம் வராது. பிறகு மூன்றாம் மோட்டாரின் கூட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், மேலும் கீழும் இழுங்கள். மற்றதைவிட ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. ஆட்டம் இல்லாமல் உரசல் மட்டும் இருந்தால் ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். காந்தத்தின் முகத்தில் மினுமினுக்கும் கீறல் தெரிந்தால் உள்ளே துகள் இருக்கிறது, அல்லது ஒரு காந்தம் பசை விட்டு எழும்பியிருக்கிறது. நீங்கள் சொல்லும் கறகறப்புக்கு என் கணிப்பு முதலில் பேரிங், அடுத்தது துகள்.

மூன்று வயரும் தனித்தனியாகக் கழற்ற வரும் மாடலாக இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. வயர்களைப் பலகையிலிருந்து பிரித்து, ஒன்றையொன்று தொடாமல் வைத்துச் சுற்றுங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். அப்போதே பிரேக் பிடித்ததுபோல் இழுத்தால் காயில் உள்ளே ஷார்ட். பிறகு இரண்டிரண்டு வயராகத் தொடவைத்துச் சுற்றினால் மூன்று ஜோடியிலும் ஒரே அளவு இறுக்கம் வர வேண்டும். ஒரு ஜோடியில் மட்டும் இறுக்கம் வந்து மற்ற இரண்டில் வராவிட்டால் ஒரு வயர் அறுந்திருக்கிறது. அப்படி ஒரு பேஸ் போனால் மோட்டார் கிளம்பாமல் நடுங்கி உறுமும். கிணற்றடியில் ஒரு பேஸ் போனால் கேட்குமே, அதே உறுமல். மீட்டரில் வயருக்கும் மோட்டார் உடம்புக்கும் தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால், சமீபத்தில் அடிப்பக்கத் திருகை மாற்றினீர்களா என்று யோசியுங்கள். பழையதைவிட 2 மில்லிமீட்டர் நீளமான திருகு போதும், நுனி போய்க் காயிலைக் குத்திவிடும்.

மோட்டார் அல்லாத காரணங்களும் உண்டு. றெக்கையை அதே திசையில் சுற்றும் இன்னொரு மோட்டாரின் றெக்கையோடு மாற்றிப் போட்டு, தொட்டியை நிரப்பாமல், கொஞ்சம் தண்ணீரோடு மட்டும் இரண்டு நிமிடம் பறக்கவிடுங்கள். சூடு அந்த மோட்டாருக்கு மாறினால் குற்றம் றெக்கையில். ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று மோட்டார் சுட்டால், ஏதோ ஒரு கை கிளாம்பில் திருகிக்கொண்டு மோட்டார் சாய்ந்திருக்கிறது. ட்ரோன் தானாகத் திரும்பாமல் இருக்க, ஒரே திசையில் சுற்றும் மூன்றும் கூடுதலாக உழைக்கின்றன. உங்களுக்கு ஒன்று மட்டுமே சுடுவதால் இது இல்லை.

சூட்டை அலட்சியம் செய்யாதீர்கள். சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரிக்கு மேல் வலிமை இழக்கத் தொடங்கும். உயர்ந்த ரகம் 150 வரை தாங்கும். காந்தம் தளர்ந்தால் அதே தூக்குவிசைக்கு அதிக ஆம்பியர் இழுக்கும், அதனால் இன்னும் சூடாகும், காந்தம் இன்னும் தளரும். சித்திரை வெயிலில் வெளிச்சூடே 40 டிகிரியை ஒட்டி நிற்கும்போது இதற்கு அதிக நாள் ஆகாது.

துகள் மட்டும்தான் என்றால் சுத்தம் செய்யலாம். அடியில் உள்ள லாக் வளையத்தையோ திருகையோ எடுத்து, கூட்டை நேராக மேலே இழுங்கள். கோணலாக இழுத்தால் கம்பியின் எனாமல் உரியும். காந்தம் படாரென்று இழுக்கும், விரலை இடையில் வைக்காதீர்கள். மரப்பலகையில் வைத்து வேலை செய்யுங்கள். அரிவாள், ஸ்பேனர் பக்கத்தில் வேண்டாம். காந்தத்தில் ஒட்டிய துகள் துடைத்தால் போகாது. செல்லோடேப்பை அழுத்தி அழுத்தி எடுங்கள், கருப்பாக ஒட்டிக்கொண்டு வரும்.

பேரிங் என்றால் அதன் விளிம்பில் உள்ள நம்பரைச் சொல்லி வாங்கி, மோட்டாரில் உள்ள இரண்டு பேரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். துரு எண்ணெய் ஸ்பிரே அடித்தால் சத்தம் ஒருநாள் அடங்கும், ஆனால் கிரீஸைக் கழுவிவிடும். காயிலோ காந்தமோ கெட்டிருந்தால் முழு மோட்டாரையும் மாற்றுங்கள். கிணற்று மோட்டார் கட்டும் கைக்கு இது பழகாத வேலை. பல இழை மெல்லிய கம்பியைப் பல்லுக்குப் பல் திசை மாற்றிச் சுற்ற வேண்டும். எடை சமன் சற்றுப் பிசகினாலும் அதிர்வு ட்ரோனின் கை முழுக்கப் பரவும். வாரண்டி காலம் இருந்தால் எதையும் பிரிக்காமல் விற்றவரிடமே கொடுங்கள்.

இனி தினமும் வேலை முடிந்ததும் தொட்டியில் நல்ல தண்ணீர் விட்டு அடித்துக் கழுவுங்கள். மோட்டாரின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, அப்புறம் காய்ந்த துணியால் துடையுங்கள். பைப்பால் பீய்ச்ச வேண்டாம். வயலோரத்தில் ஒரு தார்ப்பாய் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, அதன்மேல் மட்டும் இறக்குங்கள். புது மோட்டார் போட்டதும் றெக்கை இல்லாமல் திசையைச் சரிபாருங்கள். பிறகு பாதித் தொட்டித் தண்ணீரோடு இரண்டு நிமிடம் ஒரே இடத்தில் நிறுத்திப் பறக்கவிட்டு, இறக்கி, பேட்டரியைக் கழற்றியபின் ஆறு மோட்டாரையும் வரிசையாகத் தொட்டுப் பாருங்கள். ஆறும் ஒரே சூட்டில் இருந்தால் மருந்து கலக்கலாம்.