ஃபிலிம் கேமரா கேள்வி பதில்: அலமாரியில் கிடந்த யாஷிகா

அப்பாவின் யாஷிகா எலக்ட்ரோ 35 இருபது வருஷமாக அலமாரியில் இருந்தது. பேட்டரி கிடைக்கவில்லை, லென்ஸுக்குள் வெள்ளையாக நூல் மாதிரி தெரிகிறது. பிழைக்குமா?
- வாசகி, நாகர்கோவில்

பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். முதலில் பேட்டரி. அதற்குரிய 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது தயாரிப்பிலேயே இல்லை. ஆனால் எல்ஆர்44 பட்டன் பேட்டரி நாலு வாங்கி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, காகிதத்தை இறுக்கமாகச் சுற்றினால் 6 வோல்ட் வரும், அந்தச் சின்ன வித்தியாசத்தை இந்தக் கேமரா தாங்கிக்கொள்ளும். நீளம் பத்தாது, அந்த இடைவெளியை ஒரு சின்ன ஸ்பிரிங்கோ மடித்த அலுமினியத் தாளோ வைத்து நிரப்புங்கள். கார் ரிமோட்டில் போடும் 12 வோல்ட் பேட்டரியை மட்டும் போட்டுவிடாதீர்கள், பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பேட்டரி அறைக்குள் பச்சையாகப் பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.

அப்புறம் ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் திருப்பும்போது காது கொடுத்துக் கேளுங்கள். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தால் நல்லது. வராவிட்டால் உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் பட்டை கரைந்துபோயிருக்கும், இந்த மாடலுக்கு வரும் பிரசித்தமான நோய் அதுதான். அப்போது கேமரா வெளிச்சத்தைத் தப்பாகக் கணக்கிடும். தெரிந்தவர் கையில் சரிசெய்யக்கூடிய வேலைதான்.

அந்த வெள்ளை நூல், பூஞ்சை. நம் கடலோர ஊர்களின் ஈரமும், இருட்டான அலமாரியும், முக்கியமாகத் தோல் உறையும் அதற்குத் தீனி. அந்தத் தோல் உறையை உடனே தூர வையுங்கள், கேமராவை அதில் திரும்ப வைக்காதீர்கள். பின்கதவைத் திறந்து, ஷட்டரை பி-யில் (பட்டனை அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்து அழுத்திப் பிடித்தபடி, போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஓரத்தில் ரெண்டு மூன்று இழைதான் என்றால் படத்தில் ஒன்றும் தெரியாது, எதிர்வெயிலில் மட்டும் கொஞ்சம் வெளிறும். நடுவில் வலை மாதிரி பரவியிருந்தால் லென்ஸைப் பிரித்து ஹைட்ரஜன் பெராக்சைடால் துடைக்க வேண்டும். கண்ணாடியின் மேல்பூச்சைப் பூஞ்சை ஏற்கெனவே அரித்திருந்தால் அந்தத் தழும்பு போகாது, ஆனாலும் படம் எடுக்கலாம். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்துப் பாதுகாத்தால் போதும், அந்த ஜெல்லை மாதாமாதம் பாருங்கள், நிறம் மாறியிருந்தால் வறுத்தெடுத்து மறுபடி போடுங்கள்.

ரஷ்ய ஹீலியோஸ் 44-2 லென்ஸ் வாங்கி, அடாப்டர் போட்டு நிக்கான் டிஎஸ்எல்ஆரில் மாட்டினேன். பக்கத்தில் இருப்பது மட்டும்தான் தெளிவாக விழுகிறது. லென்ஸ் கெட்டதா?
- வாசகர், சேலம்

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. திருகு மாட்டும் எம்42 லென்ஸ், ஃபிலிமிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். நிக்கானில் அந்தத் தூரமே 46.5. அந்த ஒரு மில்லிமீட்டரும் அடாப்டரின் தடிமனும் சேர்ந்து தூரத்துக் காட்சியைப் பறித்துவிடுகின்றன. நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டரும் விற்கிறார்கள், மலிவானவற்றைப் போட்டால் இந்த லென்ஸின் அழகே மங்கிவிடும், நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கேனான் டிஎஸ்எல்ஆரில் அந்தத் தூரம் 44, அதனால் மெல்லிய அடாப்டர் போதும். சோனி மிரர்லெஸ்ஸில் 18தான், வெறும் குழாய் மாதிரி ஒரு அடாப்டர் போட்டால் வேலை முடிந்தது. நண்பரிடம் இருந்தால் ஒருநாள் கடன் வாங்கிப் பாருங்கள்.

ஜெர்மனியின் பழைய ஸைஸ் பயோட்டார் 58 மி.மீ. லென்ஸின் வழியில் வந்தது இது. எஃப் 2-இல் முழுசாகத் திறந்து, பின்னால் சற்றுத் தள்ளி இலைகளின் இடுக்கில் வெயில் ஒழுகுகிற ஒரு புளியமரம் இருக்கும்படி ஆளை நிறுத்தினால், அந்த வெளிச்சப் புள்ளிகள் முகத்தைச் சுற்றிச் சுழலும். அதைப் பார்க்கத்தான் இத்தனை பாடும்!

லென்ஸைப் பிரித்துப் பழக ஆசை. எதில் தொடங்குவது?
- கல்லூரி மாணவர், கோவை

ஏற்கெனவே செத்த ஒன்றில். ஃபிளாஷ் உள்ளேயே இருக்கும் சின்ன கேமராக்களை மட்டும் தொடாதீர்கள், அதன் கெபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும், பேட்டரியை எடுத்தாலும் அடிக்கும். ஜப்பான் கேமராவின் ஸ்க்ரூவுக்கு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) முனை ஸ்க்ரூடிரைவர் வாங்குங்கள், சாதாரண ஸ்டார் முனை தலையைத் தேய்த்துவிடும். கழற்றிய வரிசையிலேயே முட்டை அட்டையின் குழிகளில் போட்டு வையுங்கள். ஃபோகஸ் மரை பிரிந்து வரும் அந்த இடத்தில் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். அந்த மரைக்குப் பல தொடக்கங்கள் உண்டு, தப்பான ஒன்றில் நுழைந்தால் தூரமெல்லாம் மாறிவிடும். என் முதல் லென்ஸில் நான் கீறவில்லை, திரும்பப் பூட்ட மூன்று மாலைகள் ஆயின.

தாத்தாவின் ஆக்ஃபா கிளிக் 3-க்கு இப்போது ரோல் கிடைக்குமா?
- வாசகி, தஞ்சாவூர்

கிடைக்கும். அது 120 ரோல், இன்றும் தயாராகிறது, சதுரமாகப் 12 படம் வரும். கறுப்பு வெள்ளை வாங்குங்கள், நல்ல வெயிலில் எடுங்கள். பின்னால் இருக்கும் சிவப்பு ஜன்னலைப் படம் எடுக்கும் நேரமெல்லாம் கறுப்பு டேப்பால் மூடி வையுங்கள். பழைய காலத்து ஃபிலிமில் பல சிவப்பு வெளிச்சத்தைப் பொருட்படுத்தாது, இன்றைய ஃபிலிம் அப்படியில்லை. நிழலில் நின்று டேப்பைத் தூக்கி எண்ணைப் பார்த்து, நகர்த்திவிட்டு, மறுபடி ஒட்டிவிடுங்கள்.