மாட்டுக்குப் போடும் ஆன்டிபயாட்டிக் ஊசியால் வீட்டு ஆட்களுக்கும் மருந்து வேலை செய்யாமல் போகுமா?

போகக்கூடும். நீங்களும் கறவை வைத்திருப்பவர் என்று நினைத்தே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. பள்ளிகொண்டா பக்கம் மூன்று மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம்.

போன வருஷம் அம்மாவுக்கு நீர்க்கடுப்பு, குளிர்க்காய்ச்சல். மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தும் கேட்கவில்லை. வேலூருக்கு அழைத்துப் போய் யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட் எடுத்தோம். ரிப்போர்ட்டில் ஈ.கோலை என்ற குடல் கிருமி என்று போட்டு, கீழே வரிசையாக மருந்துப் பெயர்கள். எதிரே ஆர், ஆர், ஆர். அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது என்று அர்த்தம். கடைசியில் இரண்டே இரண்டு எஸ், அதாவது கிருமி அடங்கும் மருந்து. ஏழு நாள் படுக்க வைத்து நரம்பில் ஏற்றினார்கள். ஆர் போட்டிருந்ததில் ஒன்று செஃப்ட்ரியாக்சோன். அந்தப் பெயரை எங்கள் கொட்டகை மாடத்தில் கிடந்த காலி பாட்டிலில் படித்திருக்கிறேன்.

மடிநோய் வந்து பால் திரிதிரியாக இறங்கினால் ஊசி போடுவோம். வீக்கம் வடிந்ததும் இரண்டாம் நாளே நிறுத்திவிடுவோம். தப்பிய கிருமி சும்மா இருப்பதில்லை. தப்பும் வழியைப் பிளாஸ்மிட் என்ற மரபணு வளையமாகப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடும், அது வேறு இனமாக இருந்தாலும். சாணத்தில் போகும், எருவில் போகும், கறக்கிற கையில் ஒட்டும். 2015இல் சீனாவில் கோலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்துக்கு அடங்காத மரபணு ஒன்றைப் பன்றியிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டார்கள். இந்தியாவில் கோழி, மாடுகளுக்கு அந்த மருந்தை 2019இல் தடை செய்தார்கள்.

அம்மாவுக்கு மாட்டிலிருந்துதான் வந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, இரண்டு வேளை போட்டு நிறுத்தும் பழக்கம் அம்மாவுக்கும் உண்டு. பாலைக் காய்ச்சினால் தீர்ந்தது என்பார்கள். கிருமி சாகும், மாட்டுக்குப் போட்ட மருந்தின் மிச்சம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

உடனே மாட்டுக்காரனைத் திட்ட வருவார்கள். ஊசி போட்ட நாட்களில் பால் ஊற்றக்கூடாது என்கிறார்களே, அந்த நாளின் தவிட்டுக் காசை யார் தருவது? பாலாற்று மணலை வழித்தெடுத்துப் போனார்கள், கிணற்றுத் தண்ணீர் அடியில் கிடக்கிறது, பசும்புல்லும் இல்லை. அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எருக்குழியைக் கிணற்றடியிலிருந்து தள்ளி வெட்டிவிட்டோம். மடி லேசாகச் சூடாகும்போதே சோற்றுக்கற்றாழை, மஞ்சள்தூள், கொஞ்சம் சுண்ணாம்பு அரைத்துப் பூசுகிறோம். கேட்காவிட்டால்தான் டாக்டர், அவர் சொன்ன நாள் முழுக்க ஊசி. எத்தனை நாள் பாலை ஒதுக்கணும் என்று அவரிடமே கேளுங்கள். அந்தப் பாலைக் கன்றுக்கும் ஊற்றாதீர்கள், அதன் குடலிலும் இதே கதைதான் நடக்கும்.