வேலூர் வெயிலைப் பார்த்தவருக்கு பாரிஸ் வெயில் ஒரு பொருட்டா?

கேள்வி: ஐயா, ஜூலையில் பாரிஸில் இருக்கும் மகன் வீட்டுக்கு நானும் வீட்டுக்காரரும் போகிறோம். அப்படியே ரோமும் பார்க்க ஆசை. வெயில் கடுமையாக இருக்கும், யோசித்து வாங்க என்கிறான் மகன். இவரோ, "வேலூர் வெயிலையே பார்த்தாச்சு, அந்த 38 டிகிரி நம்மை என்ன பண்ணும்?" என்கிறார். இவருக்கு வயது 67. யார் சொல்வது சரி?
- வாசகி, குடியாத்தம்

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் சரி அம்மா. உங்கள் வீட்டுக்காரர் சொன்னதையே சொல்லிக்கொண்டு என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனவன் நான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம்ம ஊர் 42 டிகிரியை நாம் எப்படித் தாங்குகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கடைத்தெரு வேலையைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுவோம், தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், மத்தியானம் வெறும் தரையில் தலைகாணி போட்டுப் படுப்போம், ராத்திரி மொட்டை மாடி, காலையில் கூழோ நீராகாரமோ. பாரிஸில் இதில் ஒன்றுகூட கையில் இருக்காது. அங்கே பழைய வீடுகளைக் கட்டியதே குளிர்காலத்தில் சூடு வெளியே போகாமல் இருக்கத்தான். மேல்மாடிக்குத் துத்தநாகத் தகட்டுக் கூரை. தகரக் கொட்டகையில் தறி ஓட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் தங்கியது அப்படி ஒரு ஆறாவது மாடி அறை. ஏசி உண்டு என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் மேசை மேல் முழங்கை உயரத்துக்கு ஒரு குட்டி ஃபேன். ராத்திரி பதினோரு மணிக்குச் சுவரில் கை வைத்தால், அடுப்பிலிருந்து இறக்கி ரொம்ப நேரம் ஆகாத தோசைக்கல் மாதிரி இருந்தது. அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. வாளியும் கிடையாது, சொம்பும் கிடையாது. குப்பைக்கூடையைக் கழுவி, தண்ணீர் பிடித்து, அதில் கால் வைத்து உட்காரச் சொல்லி, நனைத்த துண்டைக் கழுத்தில் போட்டுவிட்டு, விடியும்வரை அதை மாற்றி மாற்றிப் பிழிந்துகொண்டிருந்தேன். அன்றைக்குப் பட்ட பயம் இன்னும் போகவில்லை.

2003 ஆகஸ்டில் வந்த வெப்ப அலையில் பிரான்ஸில் மட்டும் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் வயதானவர்கள், அதிலும் பலர் தனியாக இருந்தவர்கள். பகல் சூட்டைவிட, இரவிலும் அறை ஆறாமல் உடம்புக்கு ஓய்வே இல்லாமல் போனதுதான் பலரைச் சாய்த்தது. அதற்கப்புறம்தான் வெப்பத்துக்கும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடும் முறையை அங்கே கொண்டுவந்தார்கள். 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி. இப்படிப்பட்ட வெயிலுக்கு பிரெஞ்சில் 'கானிக்யூல்' என்று பெயர், நாய் நட்சத்திரம் என்று சொல்லும் சிரியஸிலிருந்து வந்த சொல். நாம் கார்த்திகையை வைத்து அக்னி நட்சத்திரம் என்கிறோம், அவர்களுக்கும் வெயிலுக்கு ஒரு நட்சத்திரம் இருக்கிறது. மகன் அந்தச் சொல்லைச் சொன்னால் அன்றைக்கு வெளியே போகும் திட்டத்தை மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, இதில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். பாரிஸில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி கிட்டத்தட்ட இரண்டு. ஜூலையில் பொழுது சாய இரவு ஒன்பதரையைத் தாண்டிவிடும். ஆகவே சூடு உச்சத்தில் இருப்பது மாலை ஐந்து, ஆறு மணிக்கு. நாம் நாலரை ஆனதும் வெயில் தாழ்ந்துவிட்டது என்று செருப்பை மாட்டுவோம். அங்கே அந்த நேரம் நம்ம ஊர் மத்தியானத்துக்குச் சமம். காலை ஏழிலிருந்து பதினொன்றுவரை சுற்றுங்கள், சாப்பிட்டுப் படுங்கள், எட்டு மணிக்கு மேல் நன்றாக வெளிச்சம் இருக்கும்போதே மறுபடி போகலாம். பகலில் அறையின் ஜன்னலையும் அதன் வெளிப்பக்கத் தட்டிக் கதவையும் இறுக்கிச் சாத்திவிட்டு ராத்திரி திறங்கள். காற்று வரட்டும் என்று பகலில் திறந்துவைத்தால் அனல்தான் உள்ளே வரும்.

வெளியே மாட்டிக்கொண்டால் பழைய கற்கோயில் மாதிரி இருக்கும் ஏதாவது ஒரு பெரிய சர்ச்சுக்குள் போய் உட்காருங்கள், சுவர் கனத்தில் உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.

கேள்வி: ரோமில் தண்ணீர் பாட்டில் விலை அதிகம் என்கிறார்கள். தெருக்குழாயில் குடிக்கலாமா?
- வாசகர், நகரி

பதில்: தாராளமாக. ரோமில் இடுப்புயரத்துக்கு இரும்புக் குழாய்கள் 2,000-க்கு மேல் இருக்கின்றன, 1870-களிலிருந்து இருக்கும் ஏற்பாடு. வளைந்த மூக்கு மாதிரி இருப்பதால் 'நசோனே', அதாவது பெரிய மூக்கு, என்று பெயர். தண்ணீர் ராப்பகலாக ஓடும். குனிந்து வாய் வைக்க வேண்டாம். மூக்கு நுனியை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்னத் துளை வழியாக வளைந்து எழும்பும், அப்படியே குடிக்கலாம். என் அம்மா முதலில் பயந்தார், பிறகு குழாயைக் கண்ட இடத்தில் எல்லாம் முகம் கழுவிக்கொண்டார். பாரிஸில் பச்சை நிற வார்ப்பிரும்புக் குழாய்கள், 1872-இல் ரிச்சர்ட் வாலஸ் என்பவர் பணத்தில் வந்தவை, அதிலும் குடிக்கலாம். பிரான்ஸில் உணவகத்தில் 'கராஃப் தோ' என்று கேட்டால் சாப்பாட்டோடு ஜாடித் தண்ணீர் காசில்லாமல் வைப்பார்கள்.

வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை இங்கிருந்தே கொண்டுபோங்கள். சூப்பர் மார்க்கெட்டில் இனிப்பு சேர்க்காத தயிர் கிடைக்கும், கூட உப்பும் துளி பெருங்காயமும் பையில் இருந்தால் மோர் தயார்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை, பி.பி. இரண்டும் உண்டு. இன்சுலின் போடுகிறேன். பயணத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகர், சித்தூர்

பதில்: கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு உங்கள் டாக்டரைப் பாருங்கள் சார். சில பி.பி. மாத்திரைகள், முக்கியமாக நீர் பிரியும் மாத்திரை, வெயிலில் உடம்பை வற்ற வைக்கும். அளவு மாற்ற வேண்டுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்சுலினை விமானத்தில் கைப்பையிலேயே வையுங்கள், சரக்குப் பகுதியில் உறைந்துபோகலாம். நம் வீட்டு மண்பானை அங்கே இல்லை, ஆகவே மருந்தைக் குளிர்ச்சியாக வைக்கும் காப்புப் பை ஒன்று வாங்குங்கள். ஐஸ் நேராக மருந்தில் படக்கூடாது. நிற்கும் காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கூட வருபவரிடம் இதைச் சொல்லிவையுங்கள்: பேச்சு குழறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு கொதித்தாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்து, 112-ஐ அழைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் அதே எண்தான். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. பிரான்ஸ், இத்தாலி போன்ற ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தத் தாளைப் பெட்டிக்குள் பூட்டாமல் சட்டைப்பையில் வையுங்கள்.

கேள்வி: லண்டன் பாதாள ரயிலில் ஏசி உண்டா?
- வாசகி, பள்ளிப்பட்டு

பதில்: எல்லாவற்றிலும் இல்லை. சென்ட்ரல், பேக்கர்லூ தடங்களில் இல்லை, கோடையில் புழுங்கும். டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள், மெட்ரோபாலிட்டன், எலிசபெத் தடங்களில் உண்டு, கொஞ்சம் சுற்றானாலும் அவற்றில் போங்கள். அங்கேயும் 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கானிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது.

கேள்வி: டிக்கெட்டை ஜூலையிலிருந்து மாற்ற முடியும் என்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகர், திருத்தணி

பதில்: மாற்றுங்கள். செப்டம்பர் இரண்டாம் பாதிக்குப் போடுங்கள். மே மாதமும் நல்லது, நம்ம அக்னி நட்சத்திரத்துக்கும் தப்பித்த மாதிரி ஆகும். ஏதென்ஸ் திட்டத்தில் இருந்தால் கட்டாயம் மாற்றுங்கள். வெப்ப அலை வந்தால் அங்கே எல்லோரும் பார்க்கப் போகும் பழைய மலைக்கோட்டையான அக்ரோபோலிஸையே நண்பகலிலிருந்து ஐந்து மணிவரை மூடிவிடுகிறார்கள்.